டிரைவ் கெட்டுப்போச்சு என்று சொன்னேன்

நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் போன வாரம் என்னை வரச் சொல்லி, “சார், உங்க சர்வீஸ்ல நடந்தது எதாவது சொல்லுங்க” என்றீர்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்று உங்கள் மேசைக்கு வரும் சாமான்களில் பாதியை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. எதை எப்படிக் கழற்றுவது என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சங்கதி இருக்கிறது. அதை இந்தக் கடையில் யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர் ஒரு வார்த்தை சொல்வார். “கஸ்டமர் உன் கைல குடுக்கறது டப்பா இல்ல. டப்பாக்குள்ள வெச்சிருக்கறத.” அதனால் எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் “என்ன ஆச்சு” என்று கேட்பதற்கு முன்னால் “உள்ள என்ன வெச்சிருக்கீங்க” என்று கேட்கச் சொல்வார். நான் அதைத் தவறாமல் கடைப்பிடித்தேன். ஒரு தடவை மட்டும் கடைப்பிடிக்கவில்லை.

ஒரு காலத்தில் ஆரணியில் டிஸ்க் டிரைவ் என்றால் ஜீவகுமார்தான். சிடி, டிவிடி எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். தெள்ளாரிலிருந்து ஒரு பெரியவர், நிலத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த சிடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வேலூரில் மூன்று கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். என்னிடம் ஒரு பழைய டிரைவ் இருந்தது. கனமானது, மெதுவானது, இரைச்சல் போடும். ஆனால் மற்ற டிரைவ்கள் துப்பிவிடும் டிஸ்க்கையெல்லாம் அது பொறுமையாகப் படித்துவிடும். பெரியவரின் சிடியையும் படித்தது. அந்த வருடம் அறுவடை முடிந்ததும் அவர் அரை மூட்டை வேர்க்கடலையை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். அந்த மாதிரி மரியாதை ஒருவனைக் கெடுக்காமல் விடாது. எனக்கு அது தெரிய வெகு நாளாயிற்று.

பிறகு சங்கீதா வேலைக்குச் சேர்ந்தாள். போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். டிப்ளமா முடித்து வேலூரில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். வந்த முதல் வாரமே ஒரு லேப்டாப்பை முதலாளியிடம் காட்டினாள். சின்ன நோட்டுப் புத்தகம் மாதிரி மெலிதாக இருந்தது. அதில் டிஸ்க் போட இடமே இல்லை.

நான் சிரித்தேன். “வாசப்படி இல்லாத வூடு கட்டி இருக்காங்க. உள்ள எப்படிப் போறது?” என்றேன். முதலாளியும் சிரித்தார். சங்கீதா மட்டும் சிரிக்கவில்லை.

“இனிமே இதாங்கண்ணா வரும். டிஸ்க் டிரைவ் மட்டும் இல்ல, உள்ள சுத்திகினு இருக்கற ஹார்டு டிஸ்க்கும் போயிடும். சுத்தற சாமான் எதுவுமே இருக்காது” என்றாள்.

அந்த மெலிதான லேப்டாப்புக்குப் பதிலாக நான் முதலாளியிடம் பேசி, டிரைவ் வைத்த லேப்டாப்புகளையும், வெளியில் மாட்டுகிற டிவிடி ரைட்டர்கள் இரண்டு பெட்டியையும் வாங்க வைத்தேன். வருகிறவர்கள் முதலில் “டிஸ்க் எங்க போடறது?” என்று கேட்டார்கள். அடுத்த வருடம் அந்தக் கேள்வி குறைந்தது. அதற்கடுத்த வருடம் யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு பெட்டியும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சங்கீதாவின் மேசையை வாசல் பக்கம், மின்விசிறிக்குக் கீழே மாற்றினார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் என் கண் வேலையில் இல்லை. அவள் மேசைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் “அந்தப் பொண்ணு இல்லீங்களா?” என்று கேட்பார்கள். “சாப்பிடப் போயிருக்கு” என்பேன். அவள் உள்ளேதான் இருப்பாள். அவள் போனில் பேசினால் காது அங்கே போகும். அவள் ஏதாவது தப்பு செய்தால் அன்று எனக்கு மதியச் சாப்பாடு நன்றாக இறங்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளதைத்தான் சொல்கிறேன்.

சேவூரில் ஏழுமலை என்று ஒரு பட்டுச்சேலை உற்பத்தியாளர். எனக்கு இருபது வருடப் பழக்கம். அவருடைய தறிகளுக்கான டிசைன்களை கம்ப்யூட்டரில் வரைந்து, தறியில் அந்தப் பூவை எழுப்பும் துளை அட்டை அடிப்பார்கள். அந்த டிசைன்களையெல்லாம் வருடா வருடம் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தது நான். ஒவ்வொரு டிஸ்க் மேலும் பார்டர் பெயர், முந்தி பெயர் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும்.

ஒரு நாள் அவர் ஒரு மரப்பெட்டி நிறைய அந்த டிஸ்க்குகளைக் கொண்டுவந்து வைத்தார். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் டிஸ்க் போட வழியில்லை, எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தர வேண்டும் என்றார். அவசரம் வேறு. சென்னையில் ஒரு பெரிய கடை பழைய அன்னப்பட்சி பார்டரையே திரும்பக் கேட்டிருந்தது. அட்டைகளை எலி கடித்துவிட்டது. நாலு வீட்டில் பாவு நூல் ஓட்டித் தறியில் ஏற்றியாகிவிட்டது. டிசைன் கிடைத்தால்தான் அட்டை அடிக்க முடியும். கிடைக்காவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

நான் பெட்டியைத் திறக்கக் கை நீட்டினேன். முதலாளி சொன்னார், “ஜீவா, இத சங்கீதா பாக்கட்டும். நீ அந்த பிரிண்டருங்கள முடி.”

என் கையெழுத்து போட்ட பெட்டி என் கண்ணெதிரே அவள் மேசைக்குப் போயிற்று.

இரண்டு நாளில் அவள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள், ஏழு டிஸ்க்கைத் தவிர. கடையில் இருந்த எந்த டிரைவிலும் அந்த ஏழும் படிக்கவில்லை. அன்னப்பட்சி பார்டர் அந்த ஏழில் ஒன்றில் இருந்தது. திங்கட்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணா, உங்க பழைய டிரைவ்ல ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?”

அந்த டிரைவ் என் காலுக்குப் பக்கத்து அலமாரியில், துணியில் சுற்றி இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன், “அது போயிடுச்சும்மா. போன மாசமே மோட்டார் போச்சு.”

“அய்யோ, சரிங்கண்ணா” என்று போய்விட்டாள்.

திட்டம் போட்டு நான் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. திட்டம் அப்புறம்தான் வந்தது. அவளால் முடியாது. ஏழுமலை தவித்துப்போய் என்னிடம்தான் வருவார். “ஜீவா, நீயே பாருப்பா” என்பார். அப்போது டிரைவை எடுத்து, ரிப்பேர் செய்துவிட்டேன் என்று சொல்லி, அவர் முன்னால், முதலாளி முன்னால், அவள் முன்னால் படித்துக் காட்டுவேன். டிஸ்க் எங்கேயும் ஓடிப்போகாது, நாலு நாள் தாமதத்தில் குடி முழுகிவிடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருப்பது யாருடையது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டு, தன் கைக்காசில் வேலூர் போய் இரண்டு கடையில் கேட்டுவிட்டு வந்தாள். வெயிலில் அலைந்து முகம் வாடியிருந்தது. முடியவில்லை என்றாள். எனக்குள் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஏழுமலையிடம் டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுத்து, “எங்களால முடியலீங்க. ஆனா தூக்கிப் போடாம வெச்சிருங்க” என்றாள்.

நான் காத்திருந்தேன். சனி போயிற்று. திங்கள், செவ்வாய் போயிற்று. ஏழுமலை வரவில்லை. வந்தால் என்ன பேசுவது என்று வார்த்தைகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். புதன்கிழமை காலை பொறுக்க முடியாமல், ஒரு பிரிண்டரை டெலிவரி கொடுக்கிற சாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு சேவூர் போனேன்.

ஏழுமலை வீட்டுக்குப் பின்னால் அவர் நெல் வயல். கதிர் பால் பிடித்திருந்தது. வண்டியை நிறுத்தும்போதே வயலில் என்னவோ பளிச் பளிச்சென்று அடித்தது. கொம்பு நட்டு, கயிறு கட்டி, அதில் வரிசையாக டிஸ்க்குகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுழன்றுகொண்டிருந்தன. குருவி விரட்ட.

நான் செருப்போடு வயலுக்குள் இறங்கிவிட்டேன். ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன். என் கையெழுத்து. அடுத்ததும் அப்படியே. ஏழாவது டிஸ்க்கில் நடுவிலிருந்து ஓரம் வரை விரிசல். அதன் மேல் “அன்னம் பார்டர்” என்று எழுதியிருந்தது.

ஏழுமலை வரப்பில் வந்து நின்றார். “இன்னா ஜீவா, சேத்துல நின்னுகினு இருக்க?”

“இத ஏங்க இங்க கட்டினீங்க?”

“பின்ன இன்னா பண்றது? உங்க கடைலயும் முடியல, வேலூர்லயும் முடியல. குருவியாவது ஓடட்டும்னு என் தம்பிதான் கட்டினான்.”

“என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றேன்.

அவர் சாதாரணமாகச் சொன்னார். “வரலாம்னுதான் கிளம்பினேன். அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சி. ‘ஜீவா அண்ணாகிட்டயே கேட்டுட்டேங்க, அவர் டிரைவே போச்சாம். இருந்திருந்தா அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. பாவம், அவரே வருத்தத்துல இருக்காரு’ன்னு. அதுக்கு மேல வந்து உன்ன எதுக்குப் பேஜார் பண்றதுன்னு வுட்டுட்டேன்.”

அவள் என்னைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறாள். நான் சொன்ன பொய்யை அவள் நம்பியதால்தான் அந்தப் பொய் அவ்வளவு உறுதியாக நின்றுவிட்டது. ஏழு டிஸ்க்கையும் அவிழ்த்து, சட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏழுமலையிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஆரணி வரும் வரைக்கும் வண்டியில் அடுத்த பொய்யைத்தான் தயார் செய்துகொண்டு வந்தேன். மோட்டார் கிடைத்தது, மாற்றிவிட்டேன். நேற்றுதான் கிடைத்தது. இல்லை, இன்று காலை. கடைக்குள் போய், அலமாரியைத் திறந்து, டிரைவை எடுத்து சங்கீதாவின் மேசையில் வைத்தேன். பக்கத்தில் சேறு படிந்த ஏழு டிஸ்க்.

அவள் டிரைவைத் திருப்பிப் பார்த்தாள். திருகுகளைப் பார்த்தாள். எதையும் யாரும் சமீபத்தில் கழற்றவில்லை என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

“மோட்டார் மாத்தினீங்களாண்ணா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அந்தப் பதிலுக்கு இடம் விட்டுத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். நான் ஆமாம் என்றிருந்தால் அவள் மேலே கேட்டிருக்க மாட்டாள்.

“இல்ல. மோட்டார் போகவே இல்ல” என்றேன்.

“நான் கேட்ட அன்னிக்கு?”

“அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தது.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முதலாளியைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு ஈரத் துணியை எடுத்து முதல் டிஸ்க்கைத் துடைக்க ஆரம்பித்தாள். “நாற்காலிய இப்படிப் போட்டுக்குங்க. மொதல்ல எது?” என்றாள்.

அன்றும் மறுநாளும் சேர்த்து ஆறு டிஸ்க்கைப் படித்துவிட்டோம். கீறல் விழுந்த இடங்களில் டிரைவ் முனகிக்கொண்டு நின்றுவிடும், மறுபடி ஓட்டுவோம். ஏழாவதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓட்டினால் உள்ளேயே உடைந்துவிடும். அன்னம் போய்விட்டது.

அதற்கடுத்த நாள் காலை நானும் அவளும் சேவூர் போனோம். ஏழுமலையிடம் நானே சொன்னேன். முதல் நாளே படித்திருக்கும், நான்தான் டிரைவ் கெட்டுப்போச்சு என்று சொன்னேன், இந்தப் பொண்ணு மேல தப்பு ஒன்றும் இல்லை.

“உன் கையெழுத்து இருக்குதுன்னுதான்யா இத்தன வருஷம் அந்தப் பெட்டிய பூட்டி வெச்சிருந்தேன்” என்றார்.

சங்கீதா குறுக்கே வந்தாள். “அந்த பார்டர் போட்ட சேலை ஒண்ணாவது வூட்ல இருக்குங்களா?”

ஏழுமலையின் மனைவி உள்ளே போய், மகள் கல்யாணத்துக்குத் தான் கட்டிய சேலையை எடுத்து வந்தார். சங்கீதா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, அந்தச் சேலையோடு தறி இருக்கும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அந்தத் தறியின் நெசவாளர். இன்னொரு பக்கம், நூல் எண்ணும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான். பார்டரில் எத்தனையாவது இழையில் ஜரிகை ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று நான் எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் கட்டம் கட்டமாகப் போட்டாள். நெசவாளர் திரையைப் பார்த்து, “கழுத்து இவ்ளோ நீளம் வராதும்மா. கண்ணு ஒரு கட்டம் கீழ எறக்கு” என்பார். அவள் உடனே இறக்குவாள். அவர் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

கையில் தூக்கிப் போகிற கம்ப்யூட்டர் என்றால் எடை குறைவு, இடம் மிச்சம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாசல் இல்லாத வீடு என்று கேலி செய்தவன் நான். அந்தக் கொட்டகையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. என் காலத்தில் எல்லோரும் சாமானைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். இது சேலை இருக்கும் இடத்துக்குத் தானே போகிறது. வரைகிறவளும் நெய்கிறவரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். அதில் டிரைவ் வைத்திருந்தால் இவ்வளவு மெலிதாக மடியில் உட்கார்ந்திருக்காது. அவள் சொன்னது சரி. புரிந்த பிறகாவது பொறாமை தணிந்திருக்க வேண்டும். கூடத்தான் ஆயிற்று. முன்பு அவள் அதிர்ஷ்டத்தின் மேல் பொறாமை, அன்றிலிருந்து அவள் அறிவின் மேல்.

நாங்கள் சமணர்கள், வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். ஏழுமலை மனைவிக்கு அது தெரியும். அன்றும் அஞ்சு மணிக்கு எனக்கு இலை போட்டார். நான் எழுந்திருக்கத் தயங்கினேன், வேலை பாதியில் இருந்தது. சங்கீதா கையை எடுத்துவிட்டு, “அண்ணா சாப்ட்டு வரட்டும். எண்ணிக்கை தப்பினா மறுபடியும் மொதல்ல இருந்து வரணும்” என்றாள். அந்தச் சோறு இறங்கவே இல்லை.

நாலு நாள் ஆயிற்று. அட்டை அடித்துத் தறி ஓடியது. சென்னைக் கடை காத்திருந்தது பாதி ஆர்டருக்குத்தான், மீதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. இரண்டு வீட்டில் ஏற்றிய பாவு வேறு டிசைனுக்குப் போயிற்று. முதலாளியிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏழுமலை அதற்குப் பிறகும் நம் கடைக்குத்தான் வந்தார். அவள் மேசைக்கு.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் எப்போதும்போல அண்ணா என்று கூப்பிட்டாள். ஊருக்குப் போனால் எல்லோருக்கும் போல எனக்கும் பலகாரம் கொண்டுவந்தாள். ஆனால் வேலை விஷயமாக என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. முதலில் எனக்கு அது புலப்படவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வந்தவாசியிலிருந்து ஒரு வாத்தியார் ஒரு சிடியோடு வந்தார். அவர் மாணவர்கள் பாடிய பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருந்தது, படிக்கவில்லை. நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். டிரைவ் என் மேசை மேலேயே இருக்கிறது. சங்கீதா அவருக்கு ஒரு காகிதத்தில் வேலூர் கடை ஒன்றின் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தாள். கோபத்தில் இல்லை. என் பக்கம் திரும்பலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கணக்கில் அப்படி ஒரு டிரைவ் கடையில் கிடையாது.

அவள் கேட்பாள் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போனேன். “குடும்மா, நான் பாக்கறேன்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, கொடுத்தாள். அரை மணி நேரத்தில் படித்தது. வாத்தியார் கும்பிட்டார். அவள், “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்றாள். அண்ணா என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை.

அவள் இப்போது வந்தவாசியில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள். அங்கே சுழல்கிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கையில் அடங்குகிற கருவிகள். திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாள், போனேன். கடை அழகாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டேன்.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் ஒருவர் இன்று காலை பஸ்ஸில் வந்துகொண்டே போனில் ஒருவருக்கு முழு ரிப்போர்ட்டையும் முடித்து அனுப்பியதைப் பார்த்தேன். அதற்கும் வயிறு எரிந்தது. அது வரும். ஆனால் பக்கத்து மேசையில் ஒருவர் ஒரு சாமானை வைத்துக்கொண்டு முழிக்கும்போது, உங்களுக்கு அது தெரிந்திருந்தால், அவர் கேட்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்காதீர்கள். கேட்டால் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பவனிடம் ஒரு நாள் யாரும் கேட்கமாட்டார்கள்.

வாத்தியாருக்குப் பிறகு அவள் இந்தக் கடையில் மூன்று வருடம் இருந்தாள். அந்த மூன்று வருடமும் படிக்காத டிஸ்க் எது அவள் மேசைக்கு வந்தாலும் அவள் கூப்பிடாமலே நான் எழுந்து போனேன். ஒவ்வொரு தடவையும் மனசு உட்காரச் சொல்லும். உட்காராமல் போனேன். அவள் கொடுப்பாள், தேங்க்ஸ் சொல்லுவாள். கடைசி வரைக்கும் அவளாக ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.